வார்டில் விளையும் அறிவு



இன்று மே 12, நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள். ஊரெல்லாம் மேடை போட்டுச் செவிலியரைத் தேவதை என்பார்கள், தாய் என்பார்கள், தியாகி என்பார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. தேவதைக்குப் படிப்பு வேண்டாம். தாய்க்குச் சம்பளம் வேண்டாம். தியாகிக்கு ஓய்வே வேண்டாம்! இப்படிப் புகழ்ந்தே அவர்களுடைய அறிவை மறந்துவிட்டோம். அந்த அறிவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நைட்டிங்கேல் என்றால் நமக்குக் கைவிளக்குதான் நினைவுக்கு வரும். அவர் கையில் பேனாவும் இருந்தது. 1854இல் கிரிமியப் போரின்போது ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட நோய் வந்து செத்த சிப்பாய்களே அதிகம். சாவுகளை மாதவாரியாக, காரணவாரியாகப் பிரித்து வண்ணப் படமாக்கி, 1858இல் ஆட்சியாளர்கள் முன் வைத்தார். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி கண்டார். நோயாளியிடம் எதைக் கவனிப்பது, எப்படிக் கவனிப்பது என்பதைத்தான் அவர் தலையாய பாடமாக வைத்தார்.

நம் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி வந்தது. 1946இல் அங்கேயே பட்டப்படிப்பும் வந்தது. பட்டம் வாங்கிவிட்டால் போதுமா?

அமெரிக்கச் செவிலியர் பேராசிரியர் பாட்ரிசியா பென்னர் 1984இல் ஒரு நூல் எழுதினார். வார்டில் வேலை செய்யும் செவிலியரிடமே பேசி, அவர்கள் தேர்ச்சி பெறுவதில் ஐந்து படிகளை வகுத்தார். முதல் படியில் புதியவர். விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். ஐந்தாவது படியில் வல்லுநர். நோயாளியைப் பார்த்ததும் நிலைமை பிடிபட்டுவிடும்.

ஒரு காட்சி சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்த நோயாளி. நடுராத்திரி. புதிதாக வந்த தங்கை பி.பி. பார்க்கிறார், 110க்கு 70. கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். அவர் செய்தது தவறில்லை. பின்னால் வரும் மூத்த சிஸ்டர் நிற்கிறார். நோயாளி புரண்டு புரண்டு படுக்கிறார், போர்வையை இழுக்கிறார். கையைத் தொட்டால் சில்லென்று வேர்த்திருக்கிறது. நாடி வேகமாக ஓடுகிறது. யூரின் பையில் ஒரு மணி நேரமாக அளவு ஏறவில்லை. உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகித்து, உடனே டாக்டரை அழைக்கிறார். உடம்பு தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கும். அதனால் பி.பி. கடைசியில்தான் விழும். அது விழும்வரை காத்திருந்தால் ஆள் மிஞ்சமாட்டார்.

அந்த மூத்த சிஸ்டருக்கு வந்த சந்தேகம் தெய்வ வாக்கல்ல, உள்ளுணர்வு மாயமும் அல்ல. எத்தனையோ நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துச் சேர்த்த படிப்பு! ஒரே வகை நோயாளிகளிடையே இரண்டு மூன்று ஆண்டு வேலை செய்தால்தான் மூன்றாவது படியே வரும் என்கிறார் பென்னர். அதுவும் தானாக வராது. நடந்ததை அசைபோட வேண்டும்; கேட்டால் சொல்லித்தர மூத்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? ஒரு வார்டு பழகுவதற்குள் வேறு வார்டுக்கு மாற்றுகிறோம். ஒப்பந்தம், தொகுப்பூதியம் என்று நிச்சயமில்லாமல் வைத்திருக்கிறோம். நன்றாகத் தேர்ந்தவருக்குப் பதவி உயர்வு கொடுத்து, நோயாளியிடமிருந்து பிரித்து ரெஜிஸ்டர் எழுத உட்கார வைக்கிறோம். ஐந்தாவது படிக்கு யார் போவார்கள்?

நிர்வாகத்தில் இருப்பவர்களே, அனுபவப்பட்ட செவிலியரை நோயாளி அருகிலேயே வைத்து, அங்கேயே உயர்வும் ஊதியமும் கொடுங்கள். மருத்துவர்களே, "எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை சார்" என்று மூத்த சிஸ்டர் சொன்னால் எழுந்து வந்து பாருங்கள். மூத்த சகோதரிகளே, உங்களுக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் நிற்கும் தங்கைக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொடுங்கள். பொதுமக்களே, அடுத்த மே 12இல் பூங்கொத்து கொடுப்பதோடு நிற்காமல், நம் ஊர் மருத்துவமனையில் நிரந்தரச் செவிலியர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.