மல்லி மணமும் நடுவர் நாவும்

கொத்தமல்லியின் மணத்தை அறியாத தமிழ் இல்லம் இல்லை எனலாம். தடிமன் பிடித்த பிள்ளைக்கு மல்லியும் இஞ்சியும் இட்டு அவித்த குடிநீரை ஆற்றிக் கொடுக்கும்போது எழுகின்ற ஆவி, நேயர்கள் பலருக்குத் தத்தம் பிள்ளைப் பிராயத்தை நினைவூட்டும். அந்த மல்லி வித்தே, ஐரோப்பாக் கண்டத்துப் பெல்ஜியம் என்னும் சிறு நாட்டில் மற்றொரு பானத்துக்கும் மணமூட்டுகின்றது. அது கோதுமை சேர்த்துக் காய்ச்சப்படும் ஒருவகைப் பியர். அந்நாட்டார் அதனை ‘வெள்ளைப் பியர்’ என அழைப்பர். அதனைச் சுவைத்து மதிப்பிடும் நடுவர்கள் எவ்வாறு மதிப்பிடுகின்றனர், அவர்கள் கையிலுள்ள அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பனவே இப்பேச்சின் பொருள்.

மதுவை நாடாதவரும் இதனைக் கேட்பதில் பயன் உண்டு. குழம்பில் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு, நாவில் வைத்து, ‘இன்னும் ஒரு கொதி வேண்டும்’ என்று சொல்லும் தாயார் செய்வதும் இந்த நடுவர் தொழிலையே. நாவினால் நீதி வழங்குவது எவ்வளவு அரிது என்பதை அடுக்களையில் நின்றவர்கள் நன்கு அறிவார்கள்.

முதலிற் பானத்தின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். சாதாரணப் பியர், முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து செய்யப்படுவது. வெள்ளைப் பியரிலோ ஏறத்தாழச் சரிபாதி முளைகட்டாத பச்சைக் கோதுமை. சிலர் சிறிதளவு ஓட்சும் சேர்ப்பர். கசப்புக்காக ஹொப்ஸ் என்னும் கொடியின் பூ இடப்படும்; ஆயினும் இங்கே அதன் கை ஓங்குவதில்லை. காய்ச்சும் கொதி முடியுந் தறுவாயில் இரண்டு வாசனைப் பொருள்கள் சேரும். ஒன்று, நொறுக்கிய மல்லி வித்து. மற்றையது, உலர்த்திய கசப்புத் தோடம்பழத்தின் தோல். கரிபியன் கடலில் ஒல்லாந்தர் ஆட்சிக்குட்பட்டிருந்த கியூராசோ என்னும் தீவின் பெயரால் அத்தோல் வழங்கப்படுகிறது. அதன் பின்னர் மதுவம் இட்டு நொதிக்க விடுவர். முடிவிற் கிடைக்கும் பானத்தில் மதுசாரம் நூற்றுக்கு நாலரை முதல் ஐந்தரை வரை இருக்கும்.

பச்சைக் கோதுமையின் புரதமும் மாப்பொருளும், அடியிற் படியாது மிதக்கும் மதுவமும் சேர்ந்து இப்பானத்தைக் கலங்கலாக்குகின்றன. வெளிறிய வைக்கோல் நிறத்தின்மேல் பால்போன்ற ஒரு படலம் தோன்றும். வெள்ளை என்ற பெயருக்குக் காரணம் அதுவே. வேறு பியர்கள் பலவற்றிற் குற்றமாகக் கருதப்படும் கலங்கல், இங்கே இலட்சணமாகின்றது. ஒன்றன் குற்றம் மற்றொன்றன் குணமாக அமையக்கூடும் என்பதே நடுவர் கற்கும் முதற் பாடம்.

இனி நடுவர் மேசைக்கு வருவோம். அமெரிக்காவில் 1985 ஆம் ஆண்டில் பியர் நடுவர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் வழங்கும் ஓர் அமைப்பு ஏற்பட்டது. அதன் முறையைப் பல நாட்டுப் போட்டிகள் இன்று பின்பற்றுகின்றன. போத்தலின் பெயர்ச்சீட்டு நடுவர் கண்ணுக்குப் புலப்படாது. ஓர் இலக்கம் மட்டுமே தெரியும். காய்ச்சியவர் பெரும் முதலாளியா, வீட்டுப் பின்புறத்தில் ஒரு கிடாரத்தை வைத்திருப்பவரா என்பதை அறிய வழி இல்லை. நடுவர் வாசனைத் தைலம் பூசி வருதல் ஆகாது. ஒரு பியருக்கும் அடுத்ததற்கும் இடையில் நீரருந்தி, உப்பில்லாத பாணோ பிஸ்கோத்தோ தின்று, நாவைத் துடைத்துக்கொள்வார்.

மொத்தப் புள்ளிகள் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரப்படும் கனத்துக்கும் பதத்துக்கும் 5, முழுமையான மதிப்புக்கு 10. கண்ணுக்குக் கிடைப்பது மூன்றே புள்ளி என்பதைக் கவனிக்க வேண்டும். கண் எளிதில் மயங்கும் பொறி என்பதை இம்முறையை வகுத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள் போலும். மணமே முதலில் மதிப்பிடப்படும். ஊற்றிய கணத்தில் எழும் நறுமணங்கள் சில நிமிடங்களில் மறைந்துவிடும். ஆதலால் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுசென்று, முகர்ந்து, உடனே எழுதத் தொடங்குவர்.

நல்ல வெள்ளைப் பியரில் எத்தகைய மணம் எழ வேண்டும்? தேனை நினைவூட்டும் மெல்லிய இனிமை, தோடம்பழத்தின் புத்துணர்ச்சி, அவற்றின் பின்னே மறைந்து நிற்கும் மல்லி. சிலவேளை கராம்பின் சாயலும், மிளகு போன்ற ஓர் உறைப்பும் தோன்றும். கராம்பு எவராலும் இடப்படவில்லை. தானியத்தில் இயற்கையாக உள்ள பெரூலிக் அமிலத்தை இவ்வகை மதுவம் கராம்பு மணமுள்ள வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றது. செருமனியின் பவேரிய நாட்டுக் கோதுமைப் பியரிலும், எவ்வித வாசனைத் திரவியமும் சேராமலே, இதே மணம் வீசுவதுண்டு. கராம்பு மணந்தவுடன் ‘கராம்பு இட்டிருக்கிறார்’ என எழுதும் நடுவர், தம் அறியாமையையே எழுதியவராவார்.

குற்றங்களும் மூக்கிற்கே முதலில் அகப்படும். வெண்ணெய் மணத்தால், நொதித்தல் செவ்வையாக நிறைவுறவில்லை என்று ஐயுறலாம். பச்சை அப்பிளின் மணம், பியர் இன்னும் முதிரவில்லை என்பதைக் காட்டும். அவித்த சோளத்தின் மணம், கொதி போதவில்லை என்பதைச் சொல்லும். இவை எல்லாப் பியருக்கும் பொதுவானவை. வெள்ளைப் பியருக்கே உரிய தனிக் குற்றம் மல்லியால் வருவது. மல்லி அளவு மீறினாலும், பழைய வித்தாக இருந்தாலும், சவர்க்கார நெடியோ, புகையிட்ட பன்றி இறைச்சியை ஒத்த நெடியோ, பச்சிலைக் காரமோ தலைகாட்டும். காய்ச்சுவோர் சிலர் ஐரோப்பாவில் விளையும் உருண்டை வித்தை விடுத்து, இந்தியக் கடைகளில் விற்கும் சற்றே நீண்ட வித்தைத் தேடி வாங்குகின்றனர். அதில் எலுமிச்சையை ஒத்த மணம் மிகுதி, இலை நெடி குறைவு என்பது அவர்கள் அனுபவம்.

அடுத்து நாவின் முறை. தமிழர் வகுத்த அறுசுவையில் இனிப்பு, புளிப்பு, கைப்பு, துவர்ப்பு ஆகிய நான்கிற்கும் இங்கே வேலை உண்டு. தானியத்தின் மென்மையான இனிப்பு முன்னே வரும். மிக இலேசான புளிப்பு அதனை எழுப்பிவிடும். தோடம்பழத் தோலின் கைப்பு முடிவில் வந்து, தங்காமல் மறைய வேண்டும். தோலின் வெள்ளைப் பகுதியிலிருந்து இறங்கும் துவர்ப்பு நாவிற் பற்றிக்கொள்ளுமாயின் அது குற்றம். பருகியபின் வாய் வறண்டு தூய்மையாக இருத்தல் வேண்டும். பாகு குடித்தாற்போல் ஒட்டுதல் கூடாது.

இவ்வளவும் ஏட்டிலே தெளிவாகத் தோன்றும். மேசையில் நிகழ்வது வேறு. இரண்டு நடுவர்கள் ஒரே பியரைச் சுவைக்கின்றனர் என்று கொள்வோம். மல்லி மணம் அதில் ஓங்கி நிற்கின்றது. பேசாமலே இருவரும் எழுதி முடிக்கின்றனர். ஒருவர் 40 புள்ளி கொடுத்திருக்கிறார், மற்றவர் 28. முன்னவர் மல்லியை விரும்புபவர், கிண்ணத்தை வெறுமையாக்கிவிட்டார். பின்னவருக்கு அது மருந்து வாசனையாகப் பட்டது. இருவரும் நேர்மையானவர்களே. விதிப்படி அவர்கள் கலந்து பேசி, இடைவெளியைக் குறைத்தல் வேண்டும். யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது?

இவ்விடத்தில் நடுவர் தமது விருப்பை ஒதுக்கிவைத்து, ஏட்டின் இலக்கணத்தை எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். மல்லி உண்டா என்பது வினாவன்று. அது மற்றவற்றோடு ஒத்திசைந்து நிற்கின்றதா என்பதே வினா. மல்லி வேறு, தோடை வேறு, கோதுமை வேறு எனப் பிரித்துச் சொல்ல நா சிறிது தடுமாற வேண்டும். முதல் மிடறிலேயே ‘இது மல்லி’ என்று கூவத் தோன்றினால், காய்ச்சியவர் கை நீண்டுவிட்டது என்று பொருள். ஆகவே 40 கொடுத்தவர் இறங்க வேண்டியவராகிறார். தாம் விரும்பிப் பருகிய ஒன்றுக்குத் தம் கையாலேயே புள்ளி குறைப்பது எளிதன்று. 28 கொடுத்தவருக்கும் ஒரு கடமை உண்டு. மல்லி அவருக்குப் பழக்கமில்லாத மணமாயின், குறை பியரிலா தம் மூக்கிலா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும்.

புள்ளியோடு கடமை முடிவதில்லை. நடுவர் எழுதிய தாள் காய்ச்சியவருக்கே போய்ச் சேரும். வார இறுதிகளைச் செலவிட்டு, வாரக்கணக்கிற் காத்திருந்து, ஒரு போத்தலை அனுப்பிவைத்தவர் அதனை ஆவலோடு திறப்பார். ‘மல்லி அதிகம்’ என்ற இரு சொற்கள் அவருக்கு வழிகாட்டா. வித்தின் அளவைக் குறைக்கவேண்டுமா, கொதியின் இறுதியில் இடவேண்டுமா, தூளாக்காமல் ஒன்றிரண்டாக நொறுக்கவேண்டுமா என்பதை நல்ல நடுவர் எழுதுவார். நன்றாக அமைந்ததையும் மறவாது எழுதுவார்.

சரி, அந்த ஏட்டின் இலக்கணம் எங்கிருந்து வந்தது? இதனை ஆராய்ந்தால் ஒரு பால்காரரின் கதையில் வந்து நிற்போம்.

பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரசல்ஸுக்குக் கிழக்கே ஹூகார்டன் என்னும் கிராமம் உள்ளது. அங்கே பியர் காய்ச்சப்பட்டமைக்கு 1445 ஆம் ஆண்டிலிருந்தே சான்று உண்டு. ஒரு காலத்தில் அச்சிற்றூரில் முப்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் இருந்தன. பின்னர் தெளிந்த பொன்னிறப் பியர் எங்கும் பரவிற்று. கலங்கிய வெள்ளைப் பியரை நாடுவோர் குறைந்தனர். ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் மூடின. கடைசியாக எஞ்சியிருந்த தொம்சின் குடும்பத்தாரின் ஆலையும் 1957 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு சுவை அத்துடன் அவ்வூரில் நின்றுபோயிற்று.

அந்த ஆலையின் அயலில் வளர்ந்தவர் பியேர் செலிஸ். 1925 ஆம் ஆண்டில் பிறந்த அவர், இளம் பிராயத்தில் அங்கே கூடமாட வேலை செய்தவர். பின்னர் பால் விற்றுப் பிழைத்தார். ஆலை மூடிய பின்பு, ஊரவர்கள் பழைய பியரை நினைத்து ஏங்கினர். கோதுமையும் மல்லியும் தோடம்பழத் தோலும் சேரும் பக்குவத்தை அவர் நினைவு காத்து வைத்திருந்தது. 1966 ஆம் ஆண்டில், அச்சுவையைச் சிறிய அளவிலே காய்ச்சி விற்கத் தொடங்கினார். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஆலை இல்லை. அவர் நாவைத் திருத்தக்கூடியவர்கள், 1957 க்கு முன்னர் அதனைப் பருகியிருந்த ஊர்மக்களே. அவர்கள்தாம் இப்பியருக்குக் கிடைத்த முதல் நடுவர்கள். அவர்கள் கையில் ஏடும் இல்லை. புள்ளித் தாளும் இல்லை.

பியர் பரவிற்று. 1985 ஆம் ஆண்டில் ஆலையிற் தீப்பற்றியது. அதனை மீளக் கட்டப் பெரிய கம்பனி ஒன்றின் பணம் வந்தது. பணத்தோடு அதிகாரமும் வந்தது. காலப்போக்கில் ஆலை அக்கம்பனிக்கே உரியதாயிற்று. செலிஸ் கடல் கடந்து, அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் 1992 ஆம் ஆண்டில் மறுபடியும் அதே வெள்ளைப் பியரைக் காய்ச்சினார். ஹூகார்டனில் எஞ்சிய ஆலையை வேறோர் ஊருக்கு மாற்றப்போவதாக 2005 ஆம் ஆண்டில் அறிவித்தல் வெளிவந்தது. ஊர்மக்கள் எதிர்த்தெழுந்தனர். 2007 ஆம் ஆண்டில் அத்தீர்மானம் கைவிடப்பட்டது. செலிஸ் 2011 ஆம் ஆண்டில் காலமானார்.

இன்று உலகின் பல பாகங்களில், நடுவர்கள் ஏட்டைப் புரட்டி, வெள்ளைப் பியர் இத்தன்மைத்து என்று வாசிக்கின்றனர். அந்த வரிகளுக்குப் பின்னே நிற்பது பெரிதும் ஒரு பால்காரரின் நினைவே. அவர் நாவு மறந்திருந்தால், அல்லது மல்லியை ஒரு பிடி கூட்டி நினைத்திருந்தால், இன்றைய இலக்கணமும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கும். அளவுகோல் மனிதர் கையாற் செய்யப்பட்டது என்பதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. அதனை ஏந்துபவர் கையில் அடக்கம் இருத்தல் வேண்டும் என்பதையே அது உணர்த்துகின்றது.

நடுவர் இரு கடமைகளுக்கு நடுவே அமர்ந்திருக்கிறார். அறுந்துபோக இருந்த ஒரு சுவையைக் கலப்பின்றி அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தல் ஒன்று. முகமறியாத ஒருவர் உழைப்பைத் தம் விருப்பு வெறுப்புக்குப் பலியாக்காதிருத்தல் மற்றொன்று. நேயர்கள் இல்லங்களிலும் எழுதிவைக்கப்படாத பக்குவங்கள் எத்தனையோ உள. ஒரு பாட்டியாரின் கையோடும் நாவோடும் அவை நின்றுவிடக்கூடும். அவர் அடுப்படியில் நிற்கும் காலத்திலேயே அருகில் நின்று, சுவைத்து, மல்லி எவ்வளவு, எந்தக் கொதியில் இடுவது என்று கேட்டறிந்துகொள்வது நன்று.