உட்கார்ந்தே வாங்கிய வலி

(புதுக்கோட்டை மன்னர் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணிப்பொறித் துறையில் வேலைவாய்ப்புகள் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். நான்தான் தலைப்பை மாற்றிக் கேட்டு வாங்கினேன். வேலை எப்படியும் கிடைத்துவிடும். கிடைத்த வேலையைச் செய்யக் கழுத்தும் கையும் வேண்டாமா?

என் கதையையே சொல்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பெங்களூரிலிருந்து மடிக்கணினியோடு ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் மேசை கிடையாது. செல்போன் சிக்னல் கிடைப்பது திண்ணையில் மட்டும்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, கணிப்பொறியை மடியில் வைத்து, இடது முழங்கையைத் திண்ணைச் சுவரின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு தினமும் பன்னிரண்டு மணி நேரம் வேலை. இரண்டு மாதத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. அம்மா தைலம் தேய்த்தார்கள். மூன்றாம் மாதம், இரவில் இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். இடது கையாச்சே, இதயக் கோளாறோ என்று பயந்தேனே ஒழிய உட்காரும் முறை மேல் சந்தேகமே வரவில்லை. "சின்ன வயசுதானே, சரியாப் போயிடும்" என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கப் போனேன். பிடி நழுவியது. நல்லவேளை, கீழே பாய் விரித்திருந்தது.

அன்றைக்குத்தான் திருச்சிக்குப் போனேன். நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பரிசோதித்துப் பார்த்தார்கள். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்குமே, அந்த நரம்பு நசுங்கியிருந்தது. அது சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் போகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் பெரும்பாலும் மணிக்கட்டில் வேறொரு நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தமாம். "இன்னும் தாமதித்திருந்தால் கைத்தசை சூம்பிப் போயிருக்கும். அப்புறம் அது திரும்புவது கஷ்டம்" என்றார் மருத்துவர். முழங்கையை ஊன்றாமல், இரவில் மடக்காமல் ஆறு மாதம் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் சுண்டுவிரல் நுனி இன்றைக்கும் முழுசாக உணர்ச்சி இல்லாமல்தான் இருக்கிறது.

இது கணிப்பொறி கொண்டுவந்த புது நோயும் இல்லை. தொழில்நோய்களைப் பற்றி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாசினி, 1713-ல் வந்த இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களின் நோவுக்கு மூன்று காரணம் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, மனத்தின் இறுக்கம். தந்தி அடிப்பவர்களின் கைப்பிடிப்பை 1908-ல் பிரிட்டன் நட்டஈடு பெறத்தக்க தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நமக்குத்தான் இன்னும் இதைச் சொல்லக் கூச்சம். களையெடுக்கிறவர்களும் கல் உடைக்கிறவர்களும் நிறைந்த மாவட்டத்தில், ஃபேன் காற்றில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் முதுகு வலிக்கிறது என்றால் சிரிக்க மாட்டார்களா? அந்தக் கூச்சத்தில்தான் மூன்று மாதத்தை வீணடித்தேன்.

வீடு திரும்பும்போது என் டைப்ரைட்டிங் மாஸ்டர் நினைவு வந்தது. பிளஸ் டூ முடித்ததும் லோயர் எழுதப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். "நிமிர்ந்து உட்கார், மணிக்கட்டைச் சாய்க்காதே, பாதம் தரையில் படட்டும்" என்று ஸ்கேலோடு நிற்பார். அவரிடம் திட்டு வாங்கித்தானே தேர்வு எழுதினோம்! இன்னொன்றையும் யோசித்தேன். டைப்ரைட்டரில் வரி முடியும்போது மணி அடிக்கும். கையை எடுத்து கேரேஜைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவிப் புதுத் தாள் செருக வேண்டும். உடம்பு அசைந்துகொண்டே இருக்கும். கணிப்பொறி அந்த மணியைப் பிடுங்கிவிட்டது. எவ்வளவு நேர்த்தியாக உட்கார்ந்தாலும், அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும். இதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நாற்காலி விலை இதற்கு அப்புறம்தான்.

மடிக்கணினி என்று பெயர் வைத்ததே தப்பு என்பேன். 2011-லிருந்து அரசு கொடுத்த இலவச மடிக்கணினியை நம் பிள்ளைகள் பெயருக்கு ஏற்ற மாதிரி மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால் கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியாக வைத்தால் தோள் தூக்கும். தனியாக ஒரு விசைப்பலகையும் மவுஸும் வாங்குங்கள். மடிக்கணினியைத் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்வரை உயர்த்தி, ஒரு கை நீளத் தூரத்தில் வையுங்கள். நான் அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டியை மேசை மேல் ஏற்றி அதன் மேல் வைத்தேன். முழங்கை உடம்பை ஒட்டி, ஏறக்குறைய எல் வடிவில் இருக்கட்டும். இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. கால் தரைக்கு எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகை போதும். நம்ம சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் எல்லா சுகத்தையும் துறந்த சமண முனிவர்கள்கூட, கல் படுக்கையில் தலைப்பக்கம் தலையணை போல மேடாகச் செதுக்கித்தானே படுத்திருக்கிறார்கள்!

பறிபோன மணிக்குப் பதிலாக செல்போனில் அரைமணிக்கு ஒருமுறை மணி வைத்திருக்கிறேன். அடித்தால் எழுந்துவிடுவேன். மேசையில் தண்ணீர் பாட்டில் கிடையாது, சின்ன டம்ளர்தான். தாகம் எடுத்தால் நடக்க வேண்டும். செல்போனைச் சொன்னதும் பின்னால் நாலு பேர் குனிந்திருப்பது தெரிகிறது. தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. அறுபது டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பு மேல் விழும் பாரம் 27 கிலோ வரை ஏறும் என்று 2014-ல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். ஒரு சிப்பம் அரிசிக்கும் மேலே, தம்பி!

கழுத்து பிடித்தால் சலூனில் சொடுக்கு எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்துபோகும் ஆபத்து அதில் உண்டு. விரல் மரப்பு விடிந்தும் போகவில்லை, கையிலிருந்து பொருள் நழுவுகிறது என்றால் தைலத்தை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணிப்பொறி ஆய்வகத்தில் இருப்பேன். முதல்வரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இஞ்ச் டேப் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் மடிக்கணினியோடு வாருங்கள், எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று அளந்து பார்த்துவிடலாம்.