சிறு பின்னுக்கு ஏற்ற குறடு

(கிராமத் தொழிற்பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



பேட்டரியால் இயங்கும் மருந்துத் தெளிப்பானும் சூரிய ஒளி விளக்கும் இன்று நமது கிராமங்களில் சர்வ சாதாரணமாகப் புழங்குகின்றன. இவை பழுதுற்றால் பட்டணத்துக்குச் சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது. ஊரிலேயே அவற்றைச் செப்பனிட வல்லார் இருவர் இருப்பின், உழவருக்கு ஒரு நாள் பொழுதும் பேருந்துக் கட்டணமும் மிச்சமாகும். அவ்விருவருக்கும் ஒரு பிழைப்பு உண்டாகும். அப்பிழைப்புக்கு இன்றியமையாத சிறு கருவி ஒன்றைப் பற்றியே இன்று பேச முற்படுகிறோம். கனெக்டர் பின்களை வயரில் பொருத்தும் கிரிம்பிங் குறடுதான் அது.

இச்சாதனங்களைத் திறந்தால், வெள்ளைப் பிளாஸ்டிக் கூட்டினுள் வயர்கள் சென்று புகுவதைக் காணலாம். ஒவ்வொரு வயரின் நுனியிலும் நெல்மணி அளவேயான பின் ஒன்று உண்டு. அதில் இரண்டு ஜோடிச் சிறகுகள் இருக்கின்றன. முன்னுள்ள ஜோடி செம்பு இழைகளைப் பற்றி மின்சாரத்தைக் கடத்துகிறது. அடுத்த ஜோடி வயரின் மேலுறையைப் பற்றி, இழுப்பையும் அசைவையும் தாங்குகிறது. இரண்டில் எது தளர்ந்தாலும் இணைப்பு நிலைக்காது.

சாதாரணக் கட்டிங் பிளையரால் நசுக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். நாங்களும் தொடக்கத்தில் அவ்வாறே செய்தோம். அப்படிச் செப்பனிட்டுக் கொடுத்த தெளிப்பான் ஒன்று சில நாட்களிலேயே திரும்பி வந்தது. பின் கருகி, கூடு உருகியிருந்தது. அந்த உழவர் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. ஆனால் அடுத்த பழுதுக்கு அவர் எங்களிடம் வரவுமில்லை.

பிளையர் சிறகுகளைத் தட்டையாக்குமேயன்றி உட்புறமாகச் சுருட்டி இறுக்குவதில்லை. இழைகளுக்கிடையே காற்றும் ஈரமும் புகுந்து செம்பு களிம்பேறுகிறது, மின்தடை மிகுகிறது, மிகுந்த இடத்தில் வெப்பம் பிறக்கிறது. ஈயப்பற்று வைத்துச் சரிசெய்யலாமெனின், ஈயம் இழைகளூடே உறைக்குள் ஏறி வயரை விறைப்பாக்கிவிடும். தோளில் தொங்கி ஆடும் தெளிப்பானில், அவ்விறைப்பு முடியுமிடத்தில் வயர் ஒடிந்துபோகும்.

பின்னைத் தயாரிக்கும் நிறுவனமே அதற்கென விற்கும் குறடு மிகச் சிறந்தது. ஆயின் அதன் விலை பல்லாயிரம் ரூபாய், தொழிற்சாலைகளுக்கே கட்டுபடியாகும். சிவப்பு, நீலம், மஞ்சள் உறையிட்ட லக்குகளுக்கென விற்கும் குறட்டை மலிவென்று வாங்கிவிடாதீர்கள். அதன் வாய் அந்த லக்குகளுக்கே உரியது. சிறு பின்னுக்கு அது ஆகாது.

நமக்கு எட்டும் விலையில் இருவகை உண்டு. ஜப்பானில் செய்யப்படும் பி.ஏ.-09 என்பது பிளையர் போன்றது, 1.0 முதல் 1.9 மில்லிமீட்டர் வரையிலான பள்ளங்கள் கொண்டது. இழைக்கு ஒருமுறையும் உறைக்கு ஒருமுறையுமாக இருதரம் அழுத்தவேண்டும். கைப்பழக்கம் தேவைதான்; எனினும் பலவகைப் பின்களுக்கு இது ஒன்றே உதவும். பலவிதச் சாதனங்களும் வந்து சேரும் பழுதுபார்க்கும் கடைக்கு இதையே நாங்கள் விரும்புவோம்.

மற்றது எஸ்.என்.-28பி போன்ற ராச்செட் குறடு. இது இரு ஜோடிகளையும் ஒரே அழுத்தில் மடித்துவிடும். முழுமையாக அழுந்தும் வரை பிடி விடாது. ஆகவே புதியவர் கையிலும் வேலை ஒரே சீராக அமையும். ஒரேவகைப் பின்னை நூற்றுக்கணக்கில் பொருத்தும் மகளிர் குழுவுக்கு இதுவே ஏற்றது. ஆனால் அச்சு பின்னுக்கு ஒத்திருக்கவேண்டும். 2.54 மில்லிமீட்டர் இடைவெளிக் கனெக்டரின் பின்னுக்கென அமைந்த அச்சில், 2.0 மில்லிமீட்டர் கனெக்டரின் சிறு பின் சரியாக மடியாது.

ஆதலால் வாங்கச் செல்லும்போது உங்கள் பின்களில் சிலவற்றையும் வயர்த் துண்டையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். கடைக்காரர் முன்னிலையிலேயே அழுத்திப் பாருங்கள். பூதக்கண்ணாடியில் நோக்கினால், முன் சிறகுகள் இரண்டும் சுருண்டு இழைகளுக்குள் இறங்கியிருப்பது தெரியவேண்டும். இழை நுனிகள் சிறகுக்கு அப்பால் சற்றே நீண்டிருக்கவேண்டும். மேலுறை முன் சிறகினுள் சிக்கியிருக்கலாகாது. இரண்டு பின் வீணாவதைப் பார்த்து மனம் தளராதீர்கள். நாங்கள் முதல் நாளில் வீணாக்கியதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இம்மேசையில் இருவகைக் குறடுகளும் உள்ளன. பழைய பிளையரும் உள்ளது. வரிசையாக வந்து ஆளுக்கு ஐந்து பின்களை அழுத்துங்கள். வயரின் குறுக்களவு 0.2 சதுர மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எது கழன்று விழுகிறதென்று பார்ப்போம்.