நின்ற லாரியும் ஓடும் காரும்

சென்னையிலிருந்து திருச்சிக்கு ராத்திரியில் காரில் கிளம்பும்போது, "விடியறதுக்குள்ள ஊர் போயிடலாம்" என்று சொல்வோம். விடியறதுக்கு முந்தைய அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் கண் தானாகச் சொக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடுகிறது. மூன்று நொடி கண்ணயர்ந்தால் 80 மீட்டருக்கு மேல் வண்டி ஆளில்லாமல்தான் ஓடுது!

அந்த 80 மீட்டருக்குள் ஒரு லாரி நின்றிருந்தால்? டயர் பஞ்சரோ, டீக்கு இறங்கினதோ, பின்விளக்கு எரியாத லாரி இருட்டில் தெரியாது. பிரேக் போடாமலே மோதுகிறோம். லாரி டிரைவரை மட்டும் திட்டிப் பயனில்லை. போன் பேச ஓரங்கட்டுற நம்ம காரும் இதையேதான் செய்யுது.

வண்டி பழுதானால் நான்கு இண்டிகேட்டரையும் போடுங்க. சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் நல்லா தள்ளி வையுங்க. வண்டிக்குள்ளேயே உட்காராமல், எல்லாரும் சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. பிறகு தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐக் கூப்பிடுங்க. யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 108.

தூக்கம் வந்தால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் கைகொடுக்காது. டோல்கேட் பக்கம் வெளிச்சமான பார்க்கிங்கில் நிறுத்தி, இருபது நிமிஷம் தூங்கிட்டுக் கிளம்புங்க.