விதைத்தவர் காணாத அறுவடை



சில வாரங்களுக்கு முன், மாலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். பள்ளியில் ஈடுகொடுக்க முடியாமல் நாள்தோறும் அழுதுகொண்டே திரும்பிய தம் மகனை, மூன்று ஆண்டுகளாக வீட்டில் வைத்தே படிக்க வைக்கிறார். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுத வைப்பது அவர் எண்ணம். காலையில் கணக்கு, மதியம் தமிழ், இரவில் குடும்ப செபமாலை.

"பையன் தேறிட்டு வர்றான் ஃபாதர், நான்தான் தேறலை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் 'எந்த ஸ்கூல்?'னுதான் முதல்ல கேக்கறாங்க. போன ஞாயிறு மறைக்கல்வி வகுப்புலயும் அதையே கேட்டாங்க. அவன் தலையைக் குனிஞ்சிட்டான். நான் செய்யறது தப்போன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை" என்றார்.

அவர் போனபின் மறைக்கல்விப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அதில் 'பள்ளி, வகுப்பு' என்று ஒரு கட்டம். அந்தச் சிறுவனின் பெயருக்கு நேரே அது மட்டும் வெறுமையாக இருந்தது. ஆறுதல் தரவேண்டிய நம் பங்கே அந்தப் பிள்ளையைத் தலைகுனிய வைத்திருக்கிறது. அது நமக்கு வலித்தது.

அன்பானவர்களே, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் தெளிவாகச் சொன்னது. பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் அது பொருந்தும். வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோருக்கும் பொருந்தும். திமொத்தேயுவின் நம்பிக்கை முதலில் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்தது என்று புனித பவுல் நினைவுகூர்வதும் இதைத்தான் காட்டுகிறது.

ஆனால் கடமையைச் சொல்வது எளிது. களைத்துப்போன தாய்க்கு அது மட்டும் போதுமா? பிரான்சு நாட்டின் ஒரு வீட்டைப் பார்ப்போம்.

அலென்சோன் நகரில் லூயி மார்ட்டின் கடிகாரக் கடை வைத்திருந்தார். அவர் மனைவி செலி, லேஸ் பின்னும் தொழிலை நடத்தினார். ஒன்பது பிள்ளைகள் பிறந்து, நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். கடைக்குட்டிதான் நம் சிறுமலர் தெரேசா. அவருக்கு நான்கு வயதானபோது, 1877-இல், தாய் செலி மார்பகப் புற்றுநோயால் காலமானார். அதன்பின் குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தெரேசாவுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அக்கா பவுலின். எட்டரை வயதில் மடத்துப் பள்ளிக்குப் போனார். படிப்பில் சிறந்திருந்தும் மூத்த மாணவியின் தொல்லையால் வாடினார். அந்த ஆண்டுகளைத் தம் வாழ்வின் மிகத் துயரமான காலமாகவே பின்னாளில் நினைவுகூர்ந்தார். உடல்நலம் குன்றி, 13 வயதில் பள்ளியை விட்டார். மீதிப் படிப்பு, ஓர் ஆசிரியையிடம் தனிப்பாடமாக நடந்தது. அவரைத்தான் திருச்சபை 1997-இல் மறைவல்லுநர் என்று அறிவித்தது.

ஆயினும் அந்தத் தாய்க்கு நாம் சொன்னது தெரேசாவின் கதை அல்ல. எல்லாப் பிள்ளையும் தெரேசா ஆவதில்லை. நாம் சொன்னது அவருடைய அக்கா லெயோனியின் கதை.

லெயோனி நோயாளிப் பிள்ளை. படிப்பு ஏறவில்லை, சொன்ன பேச்சும் கேட்கவில்லை. பெரியம்மா துறவியாக இருந்த மடத்துப் பள்ளியில் சேர்த்தும் அங்கே நிலைக்கவில்லை. செலி எழுதிய கடிதங்களில் 200-க்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. அவற்றில் இந்த மகளைப் பற்றிய கவலை திரும்பத் திரும்ப வருகிறது. தாயின் கடைசி மாதங்களில்தான் உண்மை வெளிப்பட்டது. வீட்டுப் பணிப்பெண் அந்தச் சிறுமியை மிரட்டியே அடக்கி வைத்திருந்தார். பிள்ளையிடம் இருந்தது பிடிவாதம் அல்ல, பயம். புனிதரின் கூரைக்குக் கீழேயே இது நடந்தது. புனிதரின் கண்ணுக்கே இது தப்பியது. உண்மை தெரிந்தபின் லெயோனி தாயோடு ஒட்டிக்கொண்டார். ஆனால் செலிக்கு மீதியிருந்தது சில மாதங்களே.

லெயோனி துறவு வாழ்வில் மூன்று முறை முயன்று தோற்று, நான்காம் முறை 1899-இல் கான் நகரின் விசிட்டேஷன் மடத்தில் சேர்ந்து, 1941-இல் இறக்கும்வரை அங்கேயே நிலைத்திருந்தார். அவருக்குப் புனிதர் பட்டம் அளிப்பதற்கான பணி 2015-இல் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பெற்றோர் இருவரும் ஒன்றாகப் புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர். தாய் விதைத்தார், அறுவடையைக் காணவில்லை. அதனால் விதை வீணாகிவிடவில்லை.

வீட்டில் கற்பிக்கும் பெற்றோரே, நீங்கள் குறையில்லாதவர்களாக இருக்க வேண்டியதில்லை. பொறுமை இழந்த நாளில் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள், அதுவும் பாடம்தான். பிடிவாதம் போலத் தெரிந்தால், உள்ளே பயம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கணவன்மார்களே, மனைவியின் தோளில் மட்டும் இந்தச் சிலுவையை ஏற்றாதீர்கள். தனியாகச் சுமக்க முடியாதபோது பங்கின் கதவைத் தட்டுங்கள்.

பங்கு மக்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை ஒரு பிள்ளையைச் சந்திக்கும்போது, "எந்த ஸ்கூல்?" என்பதற்குப் பதிலாக "என்ன படிச்சிட்டு இருக்கே?" என்று கேட்போம். பதிவேட்டில் அந்தக் கட்டத்தை நாம் அடித்துவிட்டோம். கணக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாரம் இரு மாலை அந்தச் சிறுவனுக்குப் பாடம் சொல்லித்தர முன்வந்திருக்கிறார்.

செபிப்போம். நாசரேத்தில் மரியாவின் மடியிலும் யோசேப்பின் தச்சுப் பட்டறையிலும் கற்று வளர்ந்த ஆண்டவரே, எங்கள் இல்லங்களில் கற்பிக்கும் தாய் தந்தையருக்குத் துணையாக வாரும். அவர்கள் காணாத அறுவடையை நீர் காத்தருளும். ஆமென்.