மிதித்தும் முன்னேறாத வண்டி

கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியை மழைக்காலத்திற் கண்டவர்கள் பலர் இருப்பர். ஒரு புறம் தேயிலைச் சரிவு. மறு புறம் பள்ளத்தாக்கு. இடையே கொண்டையூசி வளைவுகள். அத்தகைய வளைவொன்றில், குடும்பத்தோடு செல்லும் ஒருவரின் கார், இறங்கி வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்கிறதெனக் கொள்க. பஸ் கடந்ததும் அவர் காரை எடுக்கிறார். இயந்திரம் உறுமுகிறது, கார் நகரவில்லை. இன்னும் அழுத்தி மிதிக்கிறார். உறுமல் கூடுகிறது; காரோ சற்றே பின்வாங்குகிறது. பின் ஆசனத்துப் பிள்ளைகளின் பேச்சு அடங்கிவிடுகிறது.

இயந்திரத்துக்கு வலுப் போதாது என்பதே இவ்விடத்திற் பலரும் கொள்ளும் முடிவு. ஊர் திரும்பியதும் வண்டி கராஜுக்குப் போகிறது. பிளக்குகள் மாற்றப்படுகின்றன, காசு செலவாகிறது. அடுத்த மழையில், அதே வளைவில், அதே கதை மீண்டும் நிகழ்கிறது. காரணம் யாதெனில், அங்கே குறைந்தது வலுவன்று. வலு வீதியைச் சென்றடையும் வழியே குறைந்தது.

ஆகவே முதலில் அறிய வேண்டியது, இயந்திரத்தின் வலு எங்கே வீணாகிறது என்பது. அது இரண்டிடங்களில் வீணாகலாம். ஒன்று கிளச், மற்றொன்று, டயர் வீதியைத் தொடும் இடம். இவ்விரண்டையும் பிரித்தறிய வேகமானியே பெரும்பாலும் போதும். இயந்திரம் இரைந்தும் வேகமானியின் முள் அதற்கேற்ப ஏறவில்லையாயின், சில்லு சுழலவில்லை; கிளச் வழுக்குகிறது. கிளச் தட்டு தேய்ந்திருக்கலாம். அதில் எண்ணெய் கசிந்திருக்கலாம். மிதியின் தளர்வு சரியாக அமைக்கப்படாதிருக்கலாம். கருகல் மணம் எழுவதும் உண்டு. வண்டி நின்ற இடத்தில் நிற்க, முள் மட்டும் விரைந்து ஏறுமாயின், சில்லு வீணே சுழல்கிறது. இந்த நிலையில் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பது, கால் வழுக்கி விழுந்தவனுக்குத் தலைவலி மருந்து கொடுப்பதைப் போன்றது.

சில்லு ஏன் வழுக்குகிறது? ஒவ்வொரு டயரும் வீதியைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவினதே. வண்டியை உந்துவதும், திருப்புவதும், நிறுத்துவதும் அவ்வுள்ளங்கையின் பிடிதான். அந்தப் பிடி அங்கே சாரும் பாரத்தையும், றப்பரின் தன்மையையும், வீதியின் நிலையையும் பொறுத்தது. அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லையை மீறி உந்தினால் சில்லு வழுக்கும். ஒருமுறை வழுக்கத் தொடங்கிய சில்லின் பிடியோ, வழுக்காத சில்லின் பிடியிலும் குறைந்தது. ஆதலால், மேலும் மிதிப்பவர் மேலும் இழக்கிறார்.

பாரத்தின் பங்கும் பெரிது. 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனரைப் பின் சில்லுகள் உந்தின. 1959 இல் வந்த மினியை முன் சில்லுகள் உந்தின. இரண்டையும் வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்ற ஒருவரே. இன்று வீதியில் ஓடும் சிறிய கார்களுட் பெரும்பாலானவை மினியின் வழி வந்தவை. ஏற்றத்தில் வேகங் கூட்டும்போது பாரம் பின்னோக்கிச் சாய்கிறது. முன் சில்லுகள் இலேசாகின்றன. பின் பெட்டியில் மூட்டை முடிச்சுகளை நிறைத்தால் அவை இன்னும் இலேசாகின்றன. நமது வளைவில் நின்ற கார் முன் சில்லால் உந்தப்படுவதாயின், அதன் துன்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, பழுதைத் தேடும் முறை. உந்தும் டயர்களை முதலிற் பார்க்க வேண்டும். நீரை வெளியேற்றும் பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது என்பது பல நாடுகளின் சட்டம். மழை மிகுந்த மலைநாட்டுக்கு அதனினும் ஆழம் நன்று. பள்ளம் இருந்தும் றப்பர் முதுமையால் இறுகியிருக்கலாம். டயரின் பக்கத்தில் 2319 என்பது போல் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்தது என்பது அதன் பொருள். அடுத்தது காற்று. வண்டியைச் செய்தவர் குறித்த அளவு பெரும்பாலும் சாரதியின் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். மணலிற் புதைந்த வண்டியை மீட்கக் காற்றைச் சற்றுக் குறைப்பதுண்டு. அதைத் தார்வீதியில் வழக்கமாக்கினால் டயர் சூடேறிக் கெடும்.

எப்போதும் ஒரே சில்லு வழுக்குமாயின், அந்தப் பக்கத்தில் ஏதோ குறை உண்டு: டயர் தேய்ந்திருக்கலாம், அதிர்வுதாங்கியில் எண்ணெய் கசியலாம், வில் உடைந்திருக்கலாம். இரு சில்லுகளுக்கும் வலுவைப் பகிரும் சாதாரண பற்சக்கரத் தொகுதி, பிடியற்ற சில்லு ஏற்கும் அளவையே மற்றதற்கும் கொடுக்கும். எனவே ஒரு சில்லின் குறை இரண்டையும் முடக்கும். புதிய கார்களில் வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவி உண்டு. ஓட்டத்தின்போது அதன் மஞ்சள் விளக்கு மினுங்கினால் கருவி வேலை செய்கிறது. அணையாது எரிந்தால், நிறுத்தப்பட்டோ பழுதாகியோ உள்ளது. எவ்வாறாயினும் அக்கருவி வலுவைக் குறைக்கவல்லதேயன்றி, மொட்டை டயருக்குப் பிடியைக் கொடுக்கவல்லதன்று.

பழுது நீங்கிய பின்னும் சாரதியின் கால் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், வீதியிற் படிந்த எண்ணெயும் தூசும் கலந்து வழுக்கல் மிகும். அப்போது சில்லை இயன்றவரை நேராக்கி, மெல்ல மிதித்து எடுக்க வேண்டும். சில்லு சுழலத் தொடங்கினால், மிதியைத் தளர்த்த வேண்டும். பிடி முழுவதையும் உந்துவதிற் செலவிட்ட சில்லுக்குத் திருப்புவதற்குப் பிடி மிஞ்சாது. பள்ளத்தாக்கின் ஓரத்தில் உயிருக்கு ஆபத்தாவது அதுவே.

அந்த வளைவுக்குத் திரும்புவோம். சாரதி மிதியைத் தளர்த்துகிறார். பிரேக்கைப் பிடித்து வண்டியை நிறுத்துகிறார். சில்லை நேராக்கி, கிளச்சை மெல்ல விட்டு, மிருதுவாக மிதிக்கிறார். டயர் வீதியைப் பற்றுகிறது, வண்டி ஏறுகிறது. ஊர் திரும்பியதும் அவர் முதலிற் குனிந்து பார்க்க வேண்டியது இயந்திரத்தையன்று, அந்த முன் டயர்களையே.