கருவாட்டின் மேல் பழி
(எருமப்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

மருத்துவம் பற்றி எதையாவது பேசுங்கள் என்று அறக்கட்டளையார் விட்டுவிட்டார்கள். கொல்லிமலை அடிவாரத்துக்கு வந்து பேசுகிறவன் தலைப்புக்கு அலைய வேண்டியதில்லை. வெங்காயக் காட்டு வரப்பிலும் தரிசாகக் கிடக்கும் மேட்டாங்காட்டிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கிறதே பார்த்தீனியம், அதுவே போதும்.

1950-களின் நடுவில் புனேயில் கவனிக்கப்பட்ட செடி இது. அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பார்கள். அதன் இலையிலும் தண்டிலும் உள்ள நுண்மயிர்களில் பார்த்தினின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. செடி காய்ந்து பொடியானாலும் அதன் வீரியம் போவதில்லை. தூசோடு மிதந்து வந்து தோலில் படிகிறது.

இதனால் தோல் ஒவ்வாமை வந்த நோயாளியை என் மருத்துவ அறைக்குள் வரும்போதே தெரிந்துவிடும். நடுவயது கடந்த விவசாயி. கண்ணிமை தடித்திருக்கும். கழுத்துத் தோல் கறுத்து வரிவரியாக முரடாகியிருக்கும். முழங்கை மடிப்பில் சொறிந்த புண். வெயிலால் மட்டும் வந்த நோயென்றால் தாடைக்குக் கீழும் காதுக்குப் பின்னும் தப்பியிருக்கும். தூசு அந்த மறைவிடங்களையும் விடாது. உட்கார்ந்ததும் கேட்பார்: "ஏனுங்க டாக்டர், நேத்து ராத்திரி கருவாடு தின்னேனுங்க, அதுதானுங்களா?"

கருவாடு பாவம். இந்தப் பழி அதன்மேல் விழுவதற்குக் காரணம் செல்களுக்கு இடையே நடக்கும் தகவல் பரிமாற்றத்தின் தாமதம்.

பார்த்தினின் மிகச் சிறிய மூலக்கூறு. தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் உடல் அதை அந்நியமாகப் பார்க்கிறது. மேல்தோலில் உள்ள லாங்கர்ஹான்ஸ் செல்கள் அதை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் நோய் எதிர்ப்பு டி செல்களுக்குக் காட்டுகின்றன. அங்கே ஒரு நினைவு உண்டாகிறது; வெளியே ஒன்றும் தெரியாது. பல வருஷம் அந்தச் செடியைக் கையால் பிடுங்கியவருக்கு ஒருநாள் திடீரென ஒத்துக்கொள்ளாமல் போவது இப்படித்தான். அடுத்து தூசு படும்போது தோல் செல்கள் இன்டர்லூகின்-1, டிஎன்எஃப் போன்ற சமிக்ஞைப் புரதங்களை வெளிவிடுகின்றன. சைட்டோகைன் என்பது இவற்றின் பொதுப்பெயர். அவற்றில் கீமோகைன்கள் என்ற வகை, நினைவு டி செல்களை அந்த இடத்துக்கு வரவழைக்கிறது. வந்தவை இன்டர்ஃபெரான்-காமாவையும் இன்டர்லூகின்-17-ஐயும் சுரந்து இன்னும் ஆள் கூப்பிடுகின்றன. இத்தனையும் கூடித் தடிப்பாகத் தெரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். திங்களன்று களை வெட்டியவருக்குப் புதனன்று அரிக்கும். இடையில் சாப்பிட்டதெல்லாம் குற்றவாளி.

ஒவ்வாமையைக் கண்டறியும் பேட்ச் டெஸ்டில் முதுகில் ஒட்டிய பட்டையை 48 மணி நேரம் கழித்துப் பிரிப்பதும், பிறகு ஒருமுறை வரச்சொல்லிப் பார்ப்பதும் இதே தாமதத்தை முன்னிட்டுத்தான். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பார்த்தீனிய நோயாளிகளின் ரத்தத்தில் டிஎன்எஃப்பும் இன்டர்லூகின்-17-ம் ஏறியிருந்தன. அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10 குறைந்திருந்தது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை ஏறக்குறைய எல்லாச் சமிக்ஞைகளையும் ஒருசேர அமுக்கும். இரண்டே நாளில் அரிப்பு நிற்பதால் அதன்மேல் நம்பிக்கை வந்துவிடுகிறது. நிறுத்தியதும் நோய் திரும்பும். அதற்குள் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். நான் கோபப்படுவது இந்த ஒரு விஷயத்தில்தான். டி செல்கள் பெருகுவதைக் குறைக்கும் அசத்தியோபிரின் நிதானமாக வேலை செய்யும். ரத்தத்தையும் கல்லீரலையும் அவ்வப்போது சோதித்துக்கொண்டு மருத்துவர் மேற்பார்வையில் எடுக்க வேண்டும். பல சைட்டோகைன்களின் தகவல் செல்லுக்குள் போகும் ஜேக் பாதையை மறிக்கும் டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் இப்போது உண்டு. ஆனால் நம் நாட்டில் உள்ளே உறங்கும் காசநோயைச் சோதிக்காமல் அவற்றைத் தொடங்கக் கூடாது.

எந்த மருந்தானாலும் தூசு வந்துகொண்டே இருந்தால் பாதிப் பலன்தான். செடியைப் பூவெடுக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். கையுறையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். காய்ந்ததைக் கொளுத்தாதீர்கள், புகையிலும் துகள் வரும். நோய் உள்ளவர் அந்த வேலைக்குப் போகவே வேண்டாம், வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். கருவாடு தாராளமாகச் சாப்பிடலாம்.